காப் கோணம்: பெயர் தந்த மருத்துவரும் கணினி அளவீடும்

உங்கள் மகளின் முதுகெலும்பு எக்ஸ்-கதிர் அறிக்கையில் ‘காப் கோணம் 24 பாகை’ என்று எழுதப்பட்டிருக்கலாம். காப் என்பது ஒரு மருத்துவரின் பெயர்.

ஜான் ராபர்ட் காப் 1903ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். முதலில் பயின்றது ஆங்கில இலக்கியம். பின்னரே மருத்துவத்தின் பக்கம் திரும்பி, 1930இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். நியூயார்க்கில், முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் என்னும் குறைபாடுடைய சிறார்களுக்குப் பல்லாண்டு சிகிச்சை அளித்தார். எல்லா வளைவுகளும் கூடிக்கொண்டே போவதில்லை. கூடாத வளைவிற்கு அறுவை சிகிச்சை வீண் துன்பம். கூடுகிறதா என்று அறிய, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அளக்க வேண்டும்.

1948இல் அவர் வெளியிட்ட கட்டுரை அம்முறையைப் பரப்பியது. வளைவின் இரு முனைகளிலும் மிகுதியாகச் சாய்ந்துள்ள முள்ளெலும்புகள் தெரிவு செய்யப்படும். மேலுள்ளதன் மேல்விளிம்பையும் கீழுள்ளதன் கீழ்விளிம்பையும் ஒட்டி வரையும் கோடுகளுக்கு இடைப்பட்டதே காப் கோணம். இம்முறையை அவருக்கு முன்பே மற்றொரு மருத்துவர் விவரித்திருந்தார். பெயர் நிலைத்தது காப்புக்கே. 1967இல் அவர் மறைந்த பின்னும் நெடுங்காலம் பென்சிலும் கோணமானியுமே கருவிகளாக இருந்தன.

ஒரே படத்தை இரு மருத்துவர்கள் அளந்தால் ஏறத்தாழ 5 பாகை வரை வேறுபடக்கூடும். நானே முந்தைய நாள் அளந்த படத்தை மறுநாள் அளந்து, 3 பாகை மாறக் கண்டிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் இங்கே உதவுகிறது. மருத்துவர்கள் குறியிட்ட ஏராளமான படங்களிலிருந்து கற்று, முள்ளெலும்புகளின் மூலைகளைக் கண்டறிந்து, நொடிகளில் கோணத்தைக் கணக்கிடுகிறது, களைப்பு அதற்கில்லை. ஆயினும் தோள்பட்டை நிழல் மறைக்கும் மேல் முதுகிலும், உலோகத் தண்டு பொருத்திய முதுகிலும் அது தவறான எலும்பைத் தெரிவு செய்துவிடலாம். ஆகவே, அது வரைந்த கோடுகளை மருத்துவர் பார்த்து உறுதிசெய்தாரா என்று நீங்கள் தயங்காமல் கேளுங்கள்.

10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் எனப்படும். வளரும் பிள்ளைக்கு 25 பாகையை ஒட்டி இடுப்பு–முதுகுப் பட்டை பற்றிப் பேசப்படும். அந்த எல்லையருகே 24 என்பது 26 ஆனால் அஞ்ச வேண்டாம். அது அளவீட்டு வேறுபாடாகவும் இருக்கலாம். பழைய படங்களைத் தவறாமல் கொண்டுவாருங்கள். அவற்றையும் புதியதையும் அருகருகே வைத்து, அதே முள்ளெலும்புகளில் மீண்டும் அளந்த பிறகே பட்டை வேண்டுமா என்று முடிவு செய்வோம்.