மாமல்லபுரத்தைப் பார்க்காமலே காவியம் எழுதியவர்: யார் இந்த ராபர்ட் சவுதி?

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரத்துக்குப் போனால், கடலுக்குள் மூழ்கிய கோயில்கள் கதையை யாராவது சொல்லிடுவாங்க. அதை ஆங்கில இலக்கியத்துக்குள் கொண்டுபோனவர் ராபர்ட் சவுதி. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை!

யார் இவர்?
1774-ல் பிரிஸ்டலில் துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். இளமையில் பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடியவர், 1813-ல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரானார். குழந்தைகளுக்குத் தெரிந்த 'மூன்று கரடிகள்' கதையை 1837-ல் அச்சேற்றியவரும் இவர்தான். 1843-ல் மறைந்தார்.

மாமல்லபுரம் எப்படித் தெரியும்?
1770-களில் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ், கடலுக்குள் கோயில் உச்சிகள் மின்னியதாக ஊர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அது 1788-ல் அச்சானது. அதைப் படித்த சவுதி, 1810-ல் 'கெஹாமாவின் சாபம்' காவியத்தை வெளியிட்டார். அதில் சாபம் பெற்ற ஏழை லதுர்லாத், கடலடியில் கிடக்கும் மகாபலியின் நகரத்துக்குள் நடந்து போகிறான்.

என்ன சிக்கல்?
கதைக்கு இந்துப் புராணங்களை எடுத்துக்கொண்டவர், முன்னுரையில் அந்தச் சமயத்தையே கொடியது என்று சாடினார். இத்தனைக்கும் 1807-ல், கற்பனை ஸ்பெயின் பயணி ஒருவரின் பெயரில் கடிதங்கள் எழுதி, இங்கிலாந்தையே அந்நியன் கண்ணால் விமர்சித்தவர் அவர். தன் நாட்டுக்கு அந்த அக்கறை. நம்ம ஊருக்கோ புத்தக அறிவே போதும்னு விட்டுட்டார்.

கதை சொன்ன ஊர்க்காரர்களின் பெயர்கள் அந்தக் காவியத்தில் எங்கேயும் இல்லை.