கதிரொளியில் குரலேற்றிய கிரகாம் பெல்

தொலைபேசியைக் கண்டவர் என்றே அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நாம் அறிவோம். ஆயின், தம் படைப்புகளுள் தலையாயதாக அவர் போற்றியது பிறிதொன்று. உலகம் நெடுங்காலம் மறந்திருந்த அக்கருவியின் வழியே அவர்தம் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

1847 மார்ச் 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பெல் பிறந்தார். தந்தையார் பேச்சொலி வல்லுநர். அன்னையாரோ செவிப்புலன் குன்றியவர். உடன்பிறந்தார் இருவரையும் காசநோய் கவர்ந்துகொள்ள, 1870இல் குடும்பம் கனடாவில் குடியேறியது. பின்னர்ப் பாஸ்டனில் காது கேளாதோர்க்கு ஆசிரியரானார். 1876இல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். மறு ஆண்டு, தம்மிடம் பயின்ற, செவித்திறன் இழந்த மேபல் அம்மையாரை மணந்தார்.

கம்பியின்றியும் குரல் செல்லுமோ என்னும் வினா அவரை விடவில்லை. 1880இல் துணைவர் சார்லஸ் சம்னர் டெயின்டருடன் வாஷிங்டனில் ஒளிபேசியை அமைத்தார். மெல்லிய ஆடியின் பின்புறம் பேசினால் அது அதிரும். அதில் பட்டுத் தெறிக்கும் கதிரவனொளி அவ்வதிர்வுக்கேற்பக் கூடியும் குறைந்தும் செல்லும். மறுமுனையிலுள்ள செலினியம் அதனை மின்னோட்ட மாற்றமாக்க, கேட்பி குரலாக்கும். பள்ளியொன்றின் கூரையிலிருந்து டெயின்டர் பேசிய சொற்கள் 213 மீட்டர் கடந்து பெல்லின் செவியை எட்டின. அவ்வாண்டு பிறந்த மகளுக்கே அக்கருவியின் பெயரைச் சூட்ட விழைந்தார் என்பர், மனைவியார் இசையவில்லை!

ஆயினும், மேகம் மறைத்தால் குரலும் மறைந்தது; மழையும் மூடுபனியும் பகையாயின. ஒளிபேசி வழக்கிற்கு வரவில்லை. 1922 ஆகஸ்டு 2ஆம் நாள் பெல் மறைந்தார். அவர் நல்லடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஓய்ந்து அஞ்சலி செய்தன. ஒளிபேசியை நினைவார் அன்று அரியர்.

குறை கருத்தில் அன்று, காலத்தில் இருந்தது. 1960இல் லேசரும், 1970இல் இழப்புக் குறைந்த கண்ணாடி இழையும் தோன்றியபின் ஒளிச்செய்தி கடல் கடந்தது. இன்று கணிப்பொறிச் சில்லுக்குள்ளும் அது புகுகின்றது. செம்புக் கம்பி மெலிய மெலிய மின்தடை மிகும்; தாமதமும் வெப்பமும் பெருகும். சிலிக்கனில் அமைந்த நுண்ணிய ஒளிவழியோ பல அலைநீள ஒளிகளை ஒருங்கே சுமக்கும். 2015இல் அமெரிக்க ஆய்வாளர் 7 கோடி டிரான்சிஸ்டர்களையும் 850 ஒளியுறுப்புகளையும் ஒரே சில்லில் அமைத்து, நினைவகத்துடன் ஒளியாலேயே உரையாடச் செய்தனர். கணக்கிடும் பணி அங்கும் மின்னணுவினதே. சுமக்கும் பணியே ஒளியினதாயிற்று.

பெல்லிடம் குறையும் உண்டு. சைகைமொழியை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்ற அவர்தம் பிடிவாதம் காது கேளாதோர் பலரை வருத்தியது. அதனை நாம் மறைத்தல் தகாது.

மாணவமணிகளே! ஊரார் புகழ்ந்த வெற்றியினும், பயன்படாது நின்ற ஒளிபேசியையே உயர்வாகக் கருதிய உள்ளம் அவருடையது. இன்று கைகூடாத நல்ல கருத்தையும் செம்மையாய் எழுதிவைப்போம். கைகூடும் காலம் நமக்குப் பின்னும் வரலாம்.