அல்சேஷனை உருவாக்கிய கேப்டன்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்னு எந்தப் பக்கம் போனாலும், நாய்கள் ஜாக்கிரதை போர்டு மாட்டின கேட் ஒண்ணு கண்ணில் படும். உள்ளே என்ன நாய்னு கேட்டால், பல வீடுகளில் வரும் பதில் அல்சேஷன். ஆனா அதோட உண்மையான பேர் ஜெர்மன் ஷெப்பர்ட். முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரி நாடானதால், பிரிட்டனின் கென்னல் கிளப் 1919-ல் ஜெர்மன் என்ற சொல்லைத் தவிர்த்து, அல்சாஸ் பகுதியின் பேரை இதுக்கு வைத்தது. 1977-ல் அவங்களே பழைய பேருக்குத் திரும்பிட்டாங்க. நாம இன்னும் திரும்பல!

பேரை விடுங்க. இந்த இனத்தை உருவாக்கியவர் யாருன்னு தெரியுமா? மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ். ஒரு குதிரைப்படை கேப்டன்.

1864 டிசம்பர் 30-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். விவசாயம்தான் அவருக்குப் பிடிச்சது. ஆனால் போய்ச் சேர்ந்தது ராணுவத்தில். அங்கிருந்து பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். எலும்பு எப்படி அமைஞ்சிருக்கு, உடம்பு எப்படி அசையுதுன்னு அங்கே கத்துக்கிட்டது கடைசி வரை அவருக்குக் கை கொடுத்தது. 1898 வாக்கில் ராணுவ வாழ்க்கை முடிந்தது. ஒரு நடிகையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதை அன்றைய அதிகாரி வர்க்கம் ஏத்துக்காததுதான் காரணம் என்பார்கள். பவேரியாவில் கிராஃப்ராத் என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியேறி, நாய் வளர்ப்பில் இறங்கினார்.

அப்போது ஜெர்மனியில் ஆட்டு மந்தை நாய்கள் நிறைய இருந்தன. ஆனால் ஊருக்கு ஒரு மாதிரி. ஒரு பக்கம் காது நிமிர்ந்திருக்கும், இன்னொரு பக்கம் தொங்கும். உயரம், முடி, வால் எதிலும் ஒற்றுமை கிடையாது. மேய்ப்பர்களுக்கு அதைப் பத்திக் கவலையே இல்லை, வேலை செய்தால் போதும். 1891-ல் ஒரு சங்கம் இவற்றை ஒழுங்குபடுத்தப் பார்த்து, மூணே வருஷத்தில் கலைந்து போனது. அழகு முக்கியமா, வேலை முக்கியமா என்பதில் அவங்களுக்குள் ஒத்துப்போகல. ஸ்டெஃபானிட்ஸுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. அவருக்கு வேலையும் அறிவும் முதலில், தோற்றம் அதுக்குப் பிறகுதான்.

1899 ஏப்ரல் 3-ல் கார்ல்ஸ்ரூஹ நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் என்ற நாயைப் பார்த்தார். ஓநாய் போன்ற உடல்வாகு, சுமார் 60 செ.மீ. உயரம். பார்த்த அன்றே வாங்கி, ஹோரண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று பேர் மாற்றினார். ஏப்ரல் 22-ல் ஜெர்மன் ஷெப்பர்டுக்கான சங்கத்தை நண்பர் ஆர்தர் மேயரோடு சேர்ந்து தொடங்கினார். அதன் பதிவேட்டில் ஹோரண்ட்தான் நம்பர் 1. இன்றைக்கு உலகத்தில் இருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுகளின் வம்சாவளி அந்த ஒரே நாயில் போய் முடியும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஹோரண்டின் குணத்தை நிலைநிறுத்த, அதன் மகன் ஹெக்டர் ஃபான் ஸ்வாபனை, ஹோரண்டுக்கே பிறந்த ஒரு பெண் நாயோடு சேர்த்தார்கள். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால் ஒரே மாதிரி குட்டிகள் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் மறைந்திருக்கும் குறைகளும் ஜோடி சேர்ந்து வெளியே வரும். அப்பா மட்டும் பொதுவாக உள்ள ஜோடியின் குட்டியில், எந்த ஒரு ஜீனிலும் ஒரே மூதாதையின் பிரதி இரண்டு வந்து சேரும் வாய்ப்பு 12.5 சதவீதம். அப்பா அம்மா இருவரும் பொதுவென்றால் 25. மெஷின் லேர்னிங் படிக்கிறவங்களுக்கு ஓவர்ஃபிட்டிங் என்றால் சட்டுனு புரியும். கிட்டத்தட்ட அதே கதை.

இதற்கிடையில் தொழிற்சாலைகள் பெருகி, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஆலை வந்தால் பழைய பிழைப்பு என்ன ஆகும்னு எண்ணூர்க்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆட்டு நாய்க்கும் வேலை போனது. ஸ்டெஃபானிட்ஸ் அதுக்கு வேறு வேலை தேடினார். போலீஸ், ராணுவம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான நாய்கள் செய்தி கொண்டு போயின, காயம்பட்டவர்களைத் தேடின. போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க, 1916-ல் ஓல்டன்பர்க்கில் ஒரு பள்ளியே தொடங்கியது.

புகழ் வந்ததும் வியாபாரமும் கூடவே வந்தது. 1920-களில் நாய்கள் ரொம்ப உயரமாகிவிட்டன, பல் குறைந்தது, துணிச்சலும் குறைந்தது. ஆனால் பரிசுகளுக்குக் குறைவில்லை! தான் உருவாக்கினது கெட்டுப் போகுதுன்னு கேப்டன் வாயை மூடிக்கிட்டு இருக்கல. எந்த நாய் இனப்பெருக்கத்துக்குத் தகுதி என்று நேரில் சோதித்துச் சொல்லும் முறையைக் கொண்டு வந்தார். 1925-ல் அப்போதைய ரசனைக்கு நேர் எதிராக, உயரம் குறைந்த, உடல் சற்று நீளமான க்ளோடோ ஃபான் பாக்ஸ்பெர்க் என்ற நாயைச் சாம்பியன் ஆக்கினார். கிட்டத்தட்ட ஒரு புராடக்ட் ரீகால்.

கடைசிக் காலம் நல்லா இல்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் சங்கத்தில் தலையிட்டு நெருக்கடி கொடுக்க, 1935-ல் விலகினார். 1936 ஏப்ரல் 22-ல் இறந்தார். சங்கம் தொடங்கி அன்றோடு சரியாக 37 வருஷம்.

அவருக்குப் பிறகும் தவறுகள் நடந்தன. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத நோய் இந்த இனத்தில் பரவலானது. எக்ஸ்-ரே எடுத்துச் சான்று தரும் முறையை 1960-களில் அவருடைய சங்கமே கொண்டு வந்தது. நம்ம ராஜபாளையமும் தப்பவில்லை. பால் வெள்ளையாகத்தான் வேணும்னு தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, காது கேளாத குட்டிகள் அதில் நிறையப் பிறக்கின்றன.

நம்மில் யாராவது நாளைக்கு ஒரு குட்டி வாங்கப் போகலாம். கலர் என்ன, சர்டிபிகேட் இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. அம்மா நாயைக் காட்டச் சொல்லுங்க. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன சொந்தம், இடுப்பு எக்ஸ்-ரே எடுத்தாங்களான்னு கேளுங்க. 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாசம் ஆகாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஒரு பெண் நாய்க்கு ஆயுளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதுக்கெல்லாம் பதில் சொல்லாமல் மழுப்பினால், அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பி வந்துடுங்க.

கேட்டில் காவலுக்குத்தான் நாய் வேணும்னா, தெருமுனையில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கும் அந்த வேலை நல்லாவே தெரியும். வேலையைப் பார்த்து நாயைத் தேர்ந்தெடுத்த கேப்டன், அதுக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்திருப்பார்.