தசையின் ஆற்றலைக் கண்டவர்

காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன்கூடை சுமப்போரின் தோள்தசை எவ்வாறு இயங்குகின்றது? தசையணுவினுள் அடைபட்ட கால்சியத்தை ஒரு புரதம் திறந்துவிடத் தசை சுருங்கும். மற்றொரு புரதம் அதனை மீண்டும் உள்ளிழுக்கத் தளரும். இதயமும் இவ்வாறே துடிக்கும். அங்ஙனம் இழுத்தற்கு வேண்டும் ஆற்றலைத் தருவது ஏ.டி.பி. என்னும் பொருள். அதனைக் கண்டறிந்தோருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-இல் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதர் உடுத்தியமையால் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது. அவர் சோர்ந்திலர். அமெரிக்கா சென்று, இரவில் மருத்துவமனை ஊழியராய் உழைத்துப் பயின்றார். ஹார்வர்டில் பிஸ்க் என்பாருடன் ஆய்ந்து, 1927-இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் கண்டார். 1948-இல் மறைந்தார். பட்டம் மறுக்கப்பட்ட அவர் கண்ட உண்மை, சுமப்போர் ஒவ்வொருவர் தோளிலும் இன்றும் விளங்குகின்றது.