திவான் சேஷாத்திரி ஐயரும் பெங்களூர் நகரும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். ஆலைகளிலும், இரயில்வேயிலும், சர்க்கார் அலுவலகங்களிலும் ஊழியம் செய்து, காலனிகளில் குடியமர்ந்து, நாளடைவில் இதனையே நம் ஊராக்கிக் கொண்டோம். வெளியிலிருந்து வந்த ஒருவர் வந்த ஊருக்கு என்ன செய்யக் கூடும், அவர் செய்தது எத்தனை காலம் நிற்கும் என்பதை அறிய விரும்புவோர், சர் கே. சேஷாத்திரி ஐயர் அவர்களின் வாழ்க்கையை நோக்குதல் நலம்.

அன்னார் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று, அக்காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மலையாள ஜில்லாவில், பாலக்காட்டுக்கு அருகே குமாரபுரத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். 1868ஆம் ஆண்டில், பின்னாளில் மைசூர் திவானாக விளங்கிய ரங்காசார்லு அவர்களின் ஆதரவால் மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் கிடைத்தது. நீதித் துறையிலும் ஜில்லா நிர்வாகத்திலும் படிப்படியாக உயர்ந்தார். 1883இல் ரங்காசார்லு மறைந்தபோது, 37 வயதே நிரம்பியிருந்த சேஷாத்திரி ஐயர் திவான் பதவிக்கு அமர்த்தப் பெற்றார். அன்று தொட்டு 1901 வரை 18 ஆண்டுகள் அப்பதவியில் நிலைத்திருந்தார். மைசூர் திவான்களுள் இவ்வளவு நீண்ட காலம் பணிபுரிந்தோர் மிகச் சிலரே.

அக்காலத்துப் பெங்களூரின் நிலையை நாம் முதலில் உணர்தல் வேண்டும். ஊர் ஒன்றே போல் தோன்றினும் ஆட்சி இரண்டாக இருந்தது. பேட்டையும் கோட்டையும் சூழ்ந்த பழைய நகரம் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அல்சூரும் அதை அடுத்த கண்டோன்மெண்ட் பகுதிகளும் ஆங்கிலேய ரெசிடெண்டின் அதிகாரத்தில் இருந்தன. இரண்டுக்கும் 1862 முதல் தனித்தனியே நகரசபைகள் இருந்தன. பட்டாளத்தை ஒட்டி வந்த தமிழ் மக்களில் பெரும்பாலோர் கண்டோன்மெண்ட் பக்கத்திலேயே வாழ்ந்தனர். ஆகவே தமிழரான திவானுக்கு இந்நகரத் தமிழர்களில் பெரும் பகுதியினர் மீது அதிகாரம் இல்லை. அவர் பொறுப்பேற்றிருந்தது பெரும்பாலும் கன்னட மக்கள் வாழ்ந்த பேட்டைக்கே. இது நாம் மனத்தில் கொள்ளத் தக்கது.

குடிநீருக்கு இரு பகுதிகளும் ஏரிகளையும் கிணறுகளையுமே நம்பியிருந்தன. பேட்டைக்குத் தர்மாம்புதி ஏரியும் சம்பங்கி ஏரியும், கண்டோன்மெண்டுக்கு அல்சூர் ஏரியும் உதவின. மழை பொய்த்தால் ஏரி வற்றும். மழை மிகுந்தால் தெருக் கழிவு ஏரியில் கலக்கும். 1876 முதல் 1878 வரை மைசூர் நாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் மக்கள் நினைவில் பசுமையாக இருந்த காலம் அது. வாந்திபேதி அடிக்கடி வந்து போயிற்று.

இந்நிலையை மாற்றுவதற்காக, நகரின் வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே அமைந்த ஹெசரகட்டா ஏரியைச் சீரமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 1894இல் அவ்வேரி புதுவடிவம் பெற்றது. அங்கிருந்து நீர் தன் போக்கில் வாய்க்கால் வழியே சோலதேவனஹள்ளியை அடைந்தது; அங்கே நீராவி இயந்திரத்தால் மேடேற்றப்பட்டு நகரை நோக்கி வந்தது. 1896இல் பெங்களூர் மக்கள் குழாய் நீரைக் கண்டனர். மன்னர் பெயரால் இது சாமராஜேந்திர நீர்த்திட்டம் என வழங்கலாயிற்று. கண்டோன்மெண்டும் இந்நீரில் பங்கு பெற்றது. ஆட்சியால் பிரிந்து கிடந்த இரு ஊர்களையும் முதலில் இணைத்தது நகரசபைச் சட்டம் அன்று. ஒரே ஏரியின் நீரே எனலாம்.

நீர் வந்த இரண்டே ஆண்டுகளில் வேறொரு சோதனை நேர்ந்தது. 1898 ஆகஸ்டு மாதத்தில் பிளேக் நோய் பெங்களூரில் புகுந்தது. வடக்கே ஹூப்ளிப் பக்கத்திலிருந்து இரயில் மார்க்கமாகவே அது வந்தது என்பதை இரயில்வே ஊழியர்களாகிய நாங்கள் சற்றே வருத்தத்துடன் குறிக்க வேண்டியுள்ளது. காற்றும் வெளிச்சமும் புகாத பேட்டைச் சந்துகளில் நோய் தீப்போல் பரவிற்று. மக்கள் வீடுகளைப் பூட்டிக் கொண்டு வயல்வெளிகளுக்கு ஓடினர். திரு. வி. பி. மாதவராவ் பிளேக் கமிஷனராக நியமிக்கப்பட்டார். தடுப்பு வேலைகளை ஒருங்கிணைப்பதற்காகத் தொலைபேசிக் கம்பிகள் போடப்பட்டன. வீடுகளைச் சோதிப்பதும், நோயாளிகளைத் தனி முகாமுக்குக் கொண்டு செல்வதும் பொதுமக்களுக்குப் பெரும் அச்சத்தையும் கோபத்தையும் விளைவித்தன. சர்க்காரை நம்பாத மக்கள் தெய்வத்தை நம்பினர்; அக்காலத்தில் எழுந்த பிளேகம்மா கோயில்கள் சில இன்றும் இந்நகரில் வழிபாட்டில் உள்ளன.

நெரிசலே நோய்க்கு உறைவிடம் என்பதை உணர்ந்த திவான் சர்க்கார், நகருக்கு வெளியே புதிய குடியிருப்புகளை அமைக்கும் வேலையைத் துரிதப்படுத்திற்று. சாமராஜப்பேட்டையும், திவானின் பெயர் தாங்கிய சேஷாத்திரிபுரமும் 1892இலேயே தோன்றியிருந்தன. பிளேக்கிற்குப் பின் தெற்கே பசவனகுடியும் வடக்கே மல்லேசுவரமும் உருவாயின. நேரான அகன்ற வீதிகள், மனைகளுக்கிடையே இடைவெளி, வீடுகளின் பின்புறம் துப்புரவுச் சந்துகள், பூங்காக்கள் என ஒழுங்குபட வகுக்கப்பட்ட இவ்விரு பேட்டைகளையும் பார்த்தே பின்னாளில் பல பகுதிகள் அமைந்தன. நம் காலனிகளின் குறுக்குத் தெருக்களுக்கும் இவையே முன்னோடிகள்.

ஆயினும் புகழ்ச்சி மட்டுமே வரலாறு ஆகாது. அப்புதிய பேட்டைகளில் மனைகள் சாதிவாரியாகப் பகுதி பகுதியாய் ஒதுக்கப்பட்டன. கையில் பொருள் உள்ளோர் நல்ல காற்றுக்குச் சென்றனர். இல்லாதோர் பழைய சந்துகளிலேயே தங்கினர். துப்புரவுச் சந்தை வகுத்தவர்கள், அச்சந்தில் நாள்தோறும் நடந்து பணி செய்தவரின் குடியிருப்பைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. இக்குறை அக்காலத்தின் குறையே எனினும், குறை குறையே.

திவான் மீது வேறொரு குறையும் கூறப்பட்டது. சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்களே சமஸ்தானத்தின் பெரிய பதவிகளை நிரப்புகின்றனர், மைசூர் மைசூராருக்கே ஆக வேண்டும் என்ற கிளர்ச்சி அவர் காலத்தில் வலுத்தது. உள்ளூர் இளைஞரின் மனக்குறையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. 1891இல் மைசூர் சிவில் சர்வீஸுக்குப் போட்டிப் பரீட்சை முறையை ஏற்படுத்தியவரும் அவரே. எனினும் எல்லா முடிவுகளையும் தம் கையிலேயே வைத்துக் கொள்ளும் இயல்பினர் என்ற பெயர் அவரை விட்டு அகலவில்லை. 1894இல் சாமராஜேந்திர உடையார் மறைந்த பின், இளவரசர் சிறுவராதலால் மகாராணியார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அதிகாரம் மேலும் திவானிடமே குவிந்தது.

அவர் மேற்கொண்ட இறுதிப் பெரும் பணி காவேரி மின்சாரத் திட்டமாகும். சிவசமுத்திரத்தில் விழும் நீரைக் கொண்டு மின்சாரம் ஆக்கி, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்கு அனுப்புவது அத்திட்டம். அக்காலத்தில் உலகத்திலேயே அவ்வளவு தூரம் மின்சாரம் செலுத்திய இடங்கள் மிகச் சில. ஆனால் உடல் நலம் குன்றிய திவான் 1901இல் பதவியினின்று விலகினார். அதே ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி காலமானார். மின்சாரம் 1902 ஜூன் மாதத்தில் ஓடத் தொடங்கிற்று. 1905இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. நட்டவர் நிழலில் அமரவில்லை, ஊர் அமர்ந்தது.

நகர மக்கள் அவரை மறக்கவில்லை. கப்பன் பூங்காவில் 1913இல் அவரது சிலை வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபுவால் திறக்கப்பட்டது. அவர் நினைவாக எழுந்த செம்மண்டபம் பொது நூலகமாய்ப் பயன்பட்டு வருகின்றது. வெளியூரார் என்று அவரைக் குறை கூறிய நகரமே, ஒரு பேட்டைக்கு அவர் பெயரைச் சூட்டி, ஒரு நூலகத்தை அவருக்கு நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறது. பிறப்பிடம் பற்றிய வழக்குக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுவதில்லை.

ஆனால் அவர் அளித்த நீர் என்னவாயிற்று? 1920களில் ஹெசரகட்டா ஏரி வற்றலாயிற்று; 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் துணைக்கு வந்தது; 1974இல் காவேரி நீர் வந்தது. தொலைவிலிருந்து குழாய் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஊர் தன் ஏரிகளைக் கைவிட்டது. தர்மாம்புதி ஏரி கெம்பேகௌடா பஸ் நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. 2024ஆம் ஆண்டு கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, நகரின் பல பகுதிகளில் டேங்கர் லாரிக்காகக் குடும்பங்கள் குடத்தோடு காத்திருந்ததை நாம் அனைவரும் கண்டோம்.

ஆட்சி அமைப்பும் பலமுறை மாறிவிட்டது. 1949இல் இரு நகரசபைகளும் ஒன்றாகி மாநகராட்சி ஆயின. 2025இல் பெருநகர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாக நகரம் வகுக்கப்பட்டது. பெயர்ப் பலகைகள் எத்தனை முறை மாறினும், நம் தெருவின் சாக்கடையும் நம் பகுதியின் ஏரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

சேஷாத்திரி ஐயர் மேலிருந்து கொடுத்தார். மக்கள் கீழிருந்து பெற்றுக் கொண்டனர். கொடுத்த பொருள் பெரிது. ஆயினும் அதைக் காக்கும் கடமை தமக்கும் உண்டு என்று பெற்றவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஏரிகள் போனது அதனாலேயே. இன்று திவான்களும் இல்லை, மகாராஜாக்களும் இல்லை. வாக்குச் சீட்டு நம் கையில் இருக்கிறது. வார்டுக் கூட்டம் நடக்கும்போது, அது கன்னடத்தில் நடக்கும், நமக்கென்ன என்று நம்மவர் ஒதுங்கி நிற்றல் ஆகாது. கன்னடம் கற்று, அண்டை வீட்டாரோடு சென்று அமர்ந்து, நம் தெருவின் நீரையும் குப்பையையும் ஏரியையும் பற்றிப் பேசுதல் வேண்டும். பாலக்காட்டிலிருந்து வந்த ஒருவர் இவ்வூரைத் தம் ஊராகக் கருதி உழைத்தார். அவரளவு பெரிய அதிகாரம் நமக்கில்லை. அவருக்குக் கிட்டாத ஒன்று நமக்குண்டு. நாம் பலர், தெருதோறும் இருக்கிறோம்.