புக்கர் வாஷிங்டனும் செங்கற் சூளையும்

கைத்தொழில் வல்ல முதியோர் ஒருவர்பின் ஒருவராய் மறைய, அவர்தம் இடத்திற்கு வாலிபர் வாராமையால் ஒரு ஜனசமூகம் எய்தும் இடர் சிறிதன்று. அவ்விடரை நேரிற் கண்டு, அதனைத் தீர்க்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட புக்கர் வாஷிங்டன் என்பாரின் சரிதையை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நலமென்று கருதி ஈண்டு வரைகின்றோம்.

இவர் 1856-ஆம் ஆண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த வர்ஜீனியாவில், பண்ணையிற் சமையல் செய்த அடிமைத் தாயொருத்திக்கு மகனாய்ப் பிறந்தார். 1865-இல் விடுதலை கிடைத்தது. உப்புக் காய்ச்சுமிடத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்த இச்சிறுவர், 1872-இல் ஹாம்ப்டன் பாடசாலையை நாடிச் சுமார் 500 மைல் கடந்து சென்றார். அங்கே தலைமையாசிரியை அவருக்கு வைத்த பிரவேசப் பரீக்ஷை ஓர் அறையைப் பெருக்குதலே! மும்முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்து அதில் தேறினார்.

அக்காலத்துத் தென்மாகாணங்களின் நிலையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அடிமை நாட்களில் பண்ணைகளின் தச்சுவேலையும் கொல்லுவேலையும் கொத்துவேலையும் பெரும்பாலும் கறுப்பின மக்கள் கையிலேயே இருந்தன. விடுதலைக்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவற்றை இளைஞர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு மிக அருகியிருந்தது. கிழவர் இறந்தனர், உளியையும் சம்மட்டியையும் ஏந்த ஆளில்லை. இளைஞரைச் சோம்பர் என்று பழித்தல் எளிது, ஆயின் நியாயமன்று. உடலுழைப்பு என்றவுடன் அவர்தம் பெற்றோர் நினைவில் எழுந்தது சவுக்கடியே. புத்தகம் ஏந்திய கை மண்வெட்டியைத் தொடலாகாதென்று அவர்கள் எண்ணியதில் வியப்பென்ன?

1881-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அலபாமாவிலுள்ள தஸ்கீகி என்னும் ஊரில், 30 மாணவருடன் வாஷிங்டன் தம் வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர் 500 டாலருக்குப் பாழ்பட்ட பண்ணை ஒன்றை வாங்கி, காடு வெட்ட மாணவரை அழைத்தார். அவர்கள் முகஞ் சுளித்தனர். அவர் உபதேசம் செய்யவில்லை; கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். பின்னர் அவர்களும் தொடர்ந்தனர்.

செங்கல் அறுத்தல் அதனினும் கடினமாயிற்று. முழங்கால் மட்டும் சேற்றில் நிற்க மாணவர் வெறுத்தனர். சிலர் பள்ளியை விட்டே நீங்கினர். சூளைகளோ மூன்று முறை கெட்டன. கையிற் பணமில்லை. வாஷிங்டன் தம் கடிகாரத்தை அடகு வைத்து 15 டாலர் பெற்றார். நான்காம் சூளை நன்கு வெந்தது, கடிகாரம் மீட்கப்படவேயில்லை. அவ்வூரில் வேறு செங்கற்சூளை இல்லாமையால், பள்ளியை விரும்பாத வெள்ளையரும் செங்கல் வாங்க அதன் வாயிலுக்கு வந்தனர்.

பெற்றோரின் எதிர்ப்பும் ஓயவில்லை. தம் மக்களை வேலை வாங்கலாகாதென்று சிலர் கடிதம் எழுதினர். சிலர் நேரிலும் வந்தனர். வாஷிங்டன் அசையவில்லை. 1903-இல் அறிஞர் தூபாய்ஸ், தொழிற்கல்வியை மிகுதியாய்ப் போற்றி உயர்கல்வியையும் வாக்குரிமையையும் வாஷிங்டன் பின் தள்ளினார் என்று கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மையுண்டு என்பதே எம் கருத்து. உரிமையில்லாத தொழிலாளியின் கூலியை யாரும் பறிக்கலாமன்றோ?

1915-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நோயுற்ற வாஷிங்டன், தஸ்கீகியிலேயே உயிர்விட விரும்பி ரயிலேறி, அங்கு வந்து சேர்ந்த சிறிது நேரத்தில், நவம்பர் 14-ஆம் நாள் காலமானார். அப்போது பள்ளியில் சுமார் 1,500 மாணவர் இருந்தனர். அவர் வாழ்ந்த வீடு மாணவர் சுட்ட செங்கல்லால் மாணவரே கட்டியது. அஃது இன்றும் நிற்கின்றது.