மழையைப் பிடித்துச் சோதித்தவர்

மான்செஸ்டர்னா இப்போ நமக்கு ஃபுட்பால். 1840-களில் அந்த ஊர் முழுக்க ஆலைப் புகைதான். பாதிரியார் ஆக நினைச்சு, கடைசியில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கின ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் அங்கேதான் வந்து சேர்ந்தார்.

ஊருக்கு உள்ளேயும் வெளியேயும் மழைநீரைப் பிடித்துச் சோதித்தார். வயல்பக்கம் அம்மோனியா; ஊருக்குள் வர வர கந்தக அமிலம்! எரிக்கிற நிலக்கரியில் இருக்கும் கந்தகம்தான் புகையாகப் போய் மழையோடு இறங்குது. துணிச் சாயம் வெளுக்க, இரும்பு துருப்பிடிக்க, ஜன்னல் திரை இத்துப்போக இதுதான் காரணம்னு 1852-லேயே எழுதிட்டார்.

1863-ல் சலவை சோடா ஆலைகளுக்கு ஒரு சட்டம் வந்தது. வெளியேறும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 95 சதவிகிதத்தைத் தடுத்தாகணும். அதைக் கண்காணிக்கிற முதல் இன்ஸ்பெக்டர் ஸ்மித்தான். கேஸ் போடுறதைவிட, முதலாளிகளிடம் பேசிப் பேசியே காரியத்தைச் சாதிச்சார். ஆனா பாருங்க, அவர் முதலில் கண்டுபிடிச்ச நிலக்கரிப் புகையை அந்தச் சட்டம் தொடவே இல்லை!

1872-ல் 'காற்றும் மழையும்'னு 600 பக்கப் புத்தகம் போட்டார். அமில மழைங்கிற பெயர் அதில்தான் இருக்கு. 1884-ல் அவர் இறந்ததும் புத்தகத்தையும் மறந்துட்டாங்க. 1960-களில் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் மீன்கள் காணாமல்போன பிறகுதான் அதைத் தூசி தட்டினாங்க.